எவ்வளவு இருக்கு என்று கேட்ட டீச்சர்

போன மாதம் என் தம்பி ராமலிங்கம் குரும்பலூரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தான். வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டி, மேல்கையின் பின்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளை வில்லை ஒன்றைக் காட்டினான். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

"இனிமே விரல்ல குத்தவே வேணாங்க்கா. இது பாட்டுக்கு சுகர பாத்துக்கிட்டே இருக்கும். போன்ல வந்துடும்" என்றான்.

வாழ்நாள் முழுவதும் ஊரார் விரலைக் குத்திச் சம்பளம் வாங்கியவளிடம் அதைச் சொல்வதில் அவனுக்கு ஒரு குஷி. நான் காபியும் இரண்டு அதிரசமும் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன்.

"அப்பா, இப்ப என்ன சாப்ட்டீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டுப் போனை வைத்தான். "எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிடுதுக்கா. அவனுக்குப் போகாம பண்ண வழி இருக்கா?" என்று கேட்டான். அந்தக் கருவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவன் பஸ் ஏறிப் போன பிறகு, ஒரு டீச்சரின் நினைவாகவே இருந்தது. சர்க்கரை அளவு என்பது யாருக்கு முதலில் தெரிய வேண்டியது என்ற கேள்வியை என் முன்னால் வைத்தவர் அவர். எங்கள் பழைய லேப் ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் சின்னப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள், "மேடம், உங்க அனுபவத்த எழுதுங்க" என்று. எனக்கு எழுதும்படியாக இருப்பது இதுதான்.

நான் பிறந்தது தா.பழூர் பக்கம். அப்பா நெல் விவசாயம். பிளஸ் டூ முடித்ததும் திருச்சியில் லேப் படிப்பு, கொஞ்ச காலம் ஒரு தனியார் லேபில் வேலை, பிறகு அரசு வேலை. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலேயே சுற்றிச் சுற்றி வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். படிப்பில் கற்றது கொஞ்சம். மீதியெல்லாம் முதல் ஆஸ்பத்திரியில் எனக்கு மேலே இருந்த இருதயராஜ் சாரிடம் கற்றது.

நான் வேலையில் சேர்ந்தபோது சர்க்கரை பார்ப்பது பெரும்பாலும் சிறுநீரில்தான். நீலக் கரைசலை டியூபில் எடுத்துச் சில சொட்டுச் சிறுநீர் விட்டு, விளக்கில் காய்ச்சுவோம். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ரொம்ப அதிகமென்றால் செங்கல் நிறம். லேப் ஜன்னலுக்கு வெளியே நின்று நோயாளிகளே டியூபைப் பார்ப்பார்கள். "எனக்குச் செங்கல்லா வந்துருச்சு" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனதுகூட ஞாபகம் இருக்கிறது. பிறகு இரத்தப் பரிசோதனையும் அதற்கான மெஷினும் வந்தன. கடைசியாக, உள்ளங்கையில் அடங்கும் குளுக்கோமீட்டர் வந்தது. நிறம் போய் எண் வந்தது.

இருதயராஜ் சார் உயரமான மனிதர். பேச்சு குறைவு. யாரையும் அவசரப்படுத்த மாட்டார், யார் அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். குத்துவதற்கு முன்னால் "வலிக்காது" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "வலிக்கும்ங்க. சுருக்குன்னு இருக்கும், அப்புறம் சரியாயிடும்" என்பார். பொய் சொல்லிக் குத்தினால் அடுத்த தடவை அந்தக் கை நம்மிடம் வராது என்பது அவர் கணக்கு.

"கலா, ஊசிய அப்புறம் எடு. மொதல்ல கைய பாரு" என்பார். கை ஜில்லென்று இருந்தால் தொங்கவிடச் சொல்லி, உள்ளங்கையிலிருந்து விரல் பக்கமாக நீவிவிடுவார். விரல் நுனியின் நடுச் சதையில் குத்த விடமாட்டார். ஒரு பொருளைத் தொடுகிற இடம் அதுதான், வலியும் அங்கேதான் அதிகம். நகத்துக்குப் பக்கவாட்டில், மோதிர விரலிலோ நடுவிரலிலோ குத்த வேண்டும். ஸ்பிரிட் தடவினால் அது காய்கிறவரை காத்திருக்க வேண்டும். முதல் சொட்டைப் பஞ்சில் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை எடுக்க வேண்டும். இரத்தம் வரவில்லை என்று நுனியைப் பிதுக்கக் கூடாது. களை பறிக்கிற பெண்களின் விரலும், சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை செய்கிறவர்களின் விரலும் காய்ப்புக் காய்த்து மரம்போல இருக்கும். அப்போதும் பிதுக்க விடமாட்டார். "வெந்நீர்ல கொஞ்சம் வச்சிட்டு வரச் சொல்லு" என்பார்.

விக்கிரமங்கலத்தில் ஒரு முகாம். பலாச்சுளை விற்கும் அம்மா ஒருவர் கூடையை ஓரமாக வைத்துவிட்டு வந்து கையை நீட்டினார். நான்தான் குத்தினேன். மீட்டரில் நானூறைத் தாண்டியது. சார் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார், தாகம் உண்டா, அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறீர்களா என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே" என்றார் அந்த அம்மா. சார் என்னிடம், "அவங்க கைய மோந்து பாரு" என்றார். பலாப்பழ வாசனை கமகமவென்று வந்தது. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தபோது நூற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. இரத்தத்தில் இல்லை, விரலில் இருந்தது சர்க்கரை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே எங்கள் எல்லோருக்கும் சுளை கொடுத்தார். அன்றிலிருந்து சோப்பும் தண்ணீரும் இல்லாத இடத்தில் நான் ஊசியை எடுத்ததில்லை.

சாரிடம் இன்னொரு கண்டிப்பும் இருந்தது. அளவை நாம் நோயாளியிடம் சொல்லக் கூடாது. "நம்ம வேலை பாக்கறது. சொல்றது டாக்டர் வேலை." ஒரு காலத்தில் லேப் ஆள் ஒருவர் வாய் தவறி அளவைச் சொல்லிவிட, கேட்டவர் பயந்துபோய் டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய் யாரோ சொன்ன பச்சிலையைத் தின்று படுத்துவிட்டாராம். அதிலிருந்து சார் இதை ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தார். நானும் கடைப்பிடித்தேன். தமிழரசி டீச்சர் வரும்வரை.

அப்போது நான் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தேன். சார் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு நாள் காலையில் கர்ப்பிணிப் பெண்கள் வரிசையில் ஒருவர் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர். கணவர் செந்தில் உடையார்பாளையம் பக்கம், சொந்த நிலத்தில் விவசாயம். இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. இந்தத் தடவை ஐந்தாம் மாதத்திலேயே சர்க்கரை தெரிந்துவிட்டது.

நான் கையைப் பிடித்ததும் டீச்சர் ஆள்காட்டி விரலை உள்ளே மடக்கிக்கொண்டார்.

"இந்த விரல மட்டும் விட்டுருங்க மேடம். ரெண்டு கையிலயும். இதுலதான் நான் படிக்கிறேன். போன தடவ வேற எடத்துல சொல்லச் சொல்ல இதுலயே குத்திட்டாங்க. காஞ்ச எடம் கெட்டியாயி, பிரெய்ல் புள்ளி எது, காயம் எதுன்னு தெரியாம ஒரு வாரம் பாடம் எடுக்கச் செரமப்பட்டேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ விரல்களைப் பிடித்திருக்கிறேன். கண்ணாக இருக்கிற விரலை அதுவரை பிடித்ததில்லை. மோதிர விரலின் ஓரத்தில் குத்தினேன். மீட்டர் ஓசை கொடுத்ததும், "எவ்வளவு இருக்கு மேடம்?" என்று கேட்டார்.

"ரிப்போர்ட் டாக்டருக்குப் போயிடும் டீச்சர். அவங்க சொல்லுவாங்க."

"மத்தவங்க சீட்ட கையில வாங்குனதும் பாத்துக்குவாங்க. நான் யாரயாவது படிக்கச் சொல்லிக் கேக்கணும்ல" என்றார். கோபமில்லை. வகுப்பில் ஒரு விஷயத்தை விளக்குகிற குரல்.

அளவைச் சொன்னேன். சார் சொன்னது தப்பு என்று தோன்றவில்லை. ஆனால் அவர் போட்ட வரம்புக்குள் இந்த டீச்சர் இல்லை. சொன்ன கையோடு, "டாக்டரப் பாக்காமப் போயிடாதீங்க" என்றும் சொன்னேன். "போவேனா" என்று சிரித்தார்.

மகப்பேறு டாக்டர் வசந்தா இன்சுலின் ஆரம்பித்தார். வீட்டிலேயே காலையில் வெறும் வயிற்றிலும், சாப்பிட்ட பிறகும் சர்க்கரை பார்க்கச் சொன்னார். செந்தில் ஒரு மீட்டர் வாங்கி வந்தார். அவரை நான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வயல் வேலை செய்த கை. முதலில் ஊசியை மண்வெட்டிப் பிடிபோல இறுக்கிப் பிடித்தார். ஆனால் சீக்கிரம் கற்றுக்கொண்டார். என்னைவிடப் பதமாகக் குத்துகிறார் என்று டீச்சரே சொன்னார்.

வாரம் ஒரு முறை வருவார்கள். டீச்சர் அந்த வாரத்து அளவுகளை எல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவார். திங்கள் காலையில் இவ்வளவு, மதியம் இவ்வளவு என்று ஒன்று விடாமல். எல்லாம் நல்ல அளவுகள். டாக்டருக்கும் திருப்தி. இன்சுலினைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஏழாம் மாத ஸ்கேனில்தான் இடித்தது. குழந்தை நாளுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. பனிக்குட நீரும் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத தாயிடம் பார்க்கிற அடையாளங்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"கலாவதி, அவங்க வூட்டு மீட்டர் சரியா காட்டுதான்னு பாருங்க."

ஒரே விரலின் இரத்தத்தை அவர்கள் மீட்டரிலும் எங்கள் மீட்டரிலும் வைத்தேன். கையிலிருந்து ஊசி போட்டு எடுத்த இரத்தத்தை மெஷினிலும் ஓட்டினேன். மூன்றும் ஒத்துப்போயின. மூன்றும் அதிகம். வெறும் வயிற்றில் நூற்று முப்பதுக்கு மேல். அதே காலையில் வீட்டில் பார்த்தது தொண்ணூற்று இரண்டு என்று டீச்சர் சற்று முன்தான் சொல்லியிருந்தார். இடையில் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மீட்டர் சரி. டீச்சரின் ஞாபகசக்தியில் சந்தேகமே இல்லை. மிச்சம் இருந்தது, மீட்டரைப் பார்த்து அவருக்கு அளவைப் படித்துச் சொல்கிற ஒரே ஒரு இடம்.

செந்தில் வெளியே ஆட்டோ நிற்கும் இடத்தில் இருந்தார். நான் போய் நின்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"காலைல மீட்டர்ல என்ன காட்டுச்சு தம்பி?"

"நூத்தி முப்பத்தி நாலுங்க."

"டீச்சர் தொண்ணூத்தி ரெண்டுன்னாங்க."

"நான்தான் கொறச்சு சொன்னேங்க மேடம்." பிறகு அவரே தொடர்ந்தார். "கூட இருக்குன்னு சொன்னா அன்னிக்கு பூரா ஒண்ணும் தின்ன மாட்டா. ரெண்டு தடவ மயக்கமே போட்டுட்டா. போன தடவ புள்ள போனதுக்கு, அவ வளைகாப்புல தின்ன பாயாசந்தான் காரணம்னு எங்கம்மா சொல்லிருச்சு. அத அப்டியே மனசுல வச்சிக்கிட்டு இருக்கா. நூத்தி எம்பதுன்னு எப்படிங்க சொல்றது? அவ மொகத்தப் பாத்தா வாய் வரல."

"அவங்க சொல்ற அளவ வச்சுத்தானே டாக்டர் மருந்து குடுக்கறாங்க?"

"அது எனக்குத் தோணலீங்க. ஊசிதான் போடறமே, தானா சரியாயிடும்னு நெனச்சேன்." பிறகு, "மருந்த மட்டும் கூட்டிக் குடுக்கச் சொல்லுங்க மேடம். அவளுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் சொன்னபடியே செய்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். டாக்டருக்குச் சரியான அளவு போய்விடும், மருந்து கூடிவிடும், டீச்சருக்கும் மனசு நோகாது. ஆனால் அப்படிச் செய்தால், அந்தப் பொய்யில் மூன்று பேர் சேர்ந்துகொள்கிறோம். வெளியே தனியாக நிற்பது, விரலைக் கொடுத்த அந்த ஒருத்தி மட்டும்தான்.

"டாக்டர்கிட்ட நான் சொல்லியே ஆகணும். டீச்சர்கிட்ட நீங்க சொல்லணும். வேற யார் சொன்னாலும் நல்லா இருக்காது" என்றேன்.

டாக்டர் வசந்தா சட்டென்று சத்தம் போடுகிற ஆள். அன்று போடவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். என்னையும் இருக்கச் சொன்னார். செந்தில் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

டீச்சர் அழவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"எல்லா நாளுமா?"

"இல்ல தமிழ். நல்லா இருக்கற அன்னிக்கு உள்ளதத்தான் சொன்னேன்."

"எது நல்ல நாளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"



டாக்டர்தான் பேசினார். "டீச்சர், ஒரு நாள் குடிச்ச பாயாசத்தால எந்தக் கொழந்தயும் சாகாது. போன தடவயும் சுகர் இருந்திருக்கலாம், யாரும் பாக்கல. அது நீங்க பண்ணுன தப்பு இல்ல. பட்டினி கெடந்தா இப்ப இருக்கற புள்ளைக்குத்தான் கஷ்டம். இன்னும் நேரம் இருக்கு, சரி பண்ணிடலாம்." அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார். மறுநாள் மாமியார் பார்க்க வந்தபோது, அவரை நிறுத்தி வைத்து இதே வார்த்தைகளைச் சொன்னார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். மருமகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கேழ்வரகுக் களியும் கீரையும் அவர் கையாலேயே வந்தன.

இன்சுலின் அளவைச் சரிசெய்கிறவரை டீச்சர் வார்டில் இருந்தார். நான் தினமும் போய்ச் சர்க்கரை பார்த்து, மீட்டரில் என்ன வந்ததோ அதைச் சொல்லிவிட்டு வருவேன். இரண்டாம் நாள் அவர் கேட்டார்.

"மேடம், யாரயும் எதிர்பாக்காம நானே பாத்துக்கறதுக்கு வழி இருக்கா?"

குத்துவதற்கு வழி இருந்தது. பேனா மாதிரியான கருவியைக் கையில் கொடுத்தேன். கட்டை விரலால் நகத்தின் ஓரத்தைத் தடவி இடம் பிடித்து, அங்கே கருவியை வைத்து அழுத்தினார். குத்திய விரலை மெல்ல நீவி, ஈரத்தை இன்னொரு விரலால் லேசாகத் தொட்டு உணர்ந்தார். மீட்டரில் செருகிய ஸ்ட்ரிப்பின் நுனியை நகத்தை ஒட்டியே நகர்த்திக்கொண்டுபோய் ஈரத்தில் வைத்தால் அதுவே இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிறைய ஸ்ட்ரிப் வீணானது. இரத்தம் ஒரு பக்கம், ஸ்ட்ரிப் ஒரு பக்கம். ஒரு கட்டத்தில் அவரே சிரித்துவிட்டார், "எங்க ஸ்கூல் பசங்க மேப்ல ஆறு குறிக்கிற மாதிரி இருக்கு" என்று. பிறகு கை பழகிவிட்டது.

அளவைத் தெரிந்துகொள்வதுதான் பாக்கி. அதற்கு அவருடைய கல்லூரித் தோழி ஒருவர் உதவினார். அவரும் பார்வை இல்லாதவர், சென்னையில் பேங்க் வேலை. அளவை வாய்விட்டுச் சொல்லுகிற மீட்டர் ஒன்று இருப்பதாகச் சொல்லி, தேடிப் பிடித்து அனுப்பிவைத்தார். அது இங்கிலீஷில் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி பேசும். முதல் தடவை அது "ஒன் சிக்ஸ்டி டூ" என்று வார்டே கேட்கும்படிச் சொன்னபோது நான் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்துவிடுவாரோ என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "சாயங்காலம் கொஞ்சம் நடக்கணும்" என்றார். அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த செந்தில்தான் வெளியே போய்விட்டார்.

வீட்டுக்குப் போன பிறகும் வாரா வாரம் வந்தார்கள். அளவுகள் மெல்ல இறங்கின. குழந்தையின் வளர்ச்சியும் நிதானப்பட்டது. ஆனால் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று இறங்கவே இல்லை. டீச்சர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவார், போவார். பேச்சில் குறை இருக்காது. ஆனால் பரிசோதனை நேரம் வந்தால், "நீங்க வெளிய இருங்க" என்பார். செந்தில் மறுபேச்சில்லாமல் போவார். அந்தப் பேசும் மீட்டரை அவர் தொட்டே நான் பார்த்ததில்லை. ஒரு முறை என்னிடம் மட்டும், "முன்ன நான் குத்துனா வலிக்கலம்பா மேடம்" என்றார்.

நாள் நெருங்கியதும் முன்கூட்டியே சேர்த்து, வலி வரவழைத்தார்கள். காலையில் பெண் குழந்தை பிறந்தது. பெரிய குழந்தை. நல்ல அழுகை. ஆனால் இப்படிப்பட்ட தாயின் குழந்தைக்கு, பிறந்த கொஞ்ச நேரத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். வயிற்றுக்குள் தாயின் சர்க்கரைக்குப் பழகிய உடம்பு. தொப்புள்கொடியை வெட்டியதும் அது நின்றுபோகிறது. அதனால் குதிகாலில் குத்திப் பார்க்க வேண்டும். வழக்கமாக அது வார்டு நர்ஸ் செய்கிற வேலை. டீச்சர் நான்தான் வர வேண்டும் என்று கேட்டாராம். லேப் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

குழந்தை டீச்சரின் பக்கத்தில் துணி சுற்றிக் கிடந்தது. பாதத்தை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினேன். பச்சைக் குழந்தையின் குதிகாலிலும் நடுவில் குத்தக் கூடாது, ஓரத்தில்தான். நான் ஊசியைப் பிரித்தபோது டீச்சர், "அவர கூப்பிடுங்க மேடம்" என்றார். பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடுவதில்லை. நர்ஸம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவரே போய்ச் செந்திலைக் கூட்டி வந்தார்.

குத்தினேன். குழந்தை வீறிட்டது. சொட்டைத் துடைத்து, அடுத்த சொட்டை ஸ்ட்ரிப்பில் வாங்கினேன். லேப் மீட்டர் பேசாது. எண் ஓடி முடிவதற்குள் டீச்சர் சொன்னார், "மேடம், அத அவருகிட்ட குடுங்க. அவரு சொல்லட்டும்."

செந்தில் வாங்கினார். முதல் நாள் ஊசியைப் பிடித்த மாதிரியே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரையைப் பார்த்தார். எனக்கும் தெரிந்தது. குறைவு. அவருக்கும் அது குறைவு என்று தெரியும். நாற்பத்தைந்துக்குக் குறையக் கூடாது என்று முந்தின நாளே நர்ஸம்மாவிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாராம். பிரசவ அலுப்பில் கிடந்த மனைவியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"முப்பத்தெட்டு, தமிழ்" என்றார். "கம்மியாத்தான் இருக்கு."

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. சரிதானா என்று என்னிடம் கேட்கவில்லை.

"சரி, புள்ளைய குடுங்க. பால் குடுக்கறேன்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

செந்தில்தான் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார்.

பால் குடித்த பிறகு மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. அதுவரை யாரும் செந்திலை வெளியே போகச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை மீட்டர் ஓசை கொடுத்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே அவர் குனிந்து பார்த்து, "அம்பத்தி நாலு" என்று உரக்கச் சொன்னார்.